பெட்டையளை எண்ணாத கணக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் ஆறு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து ‘செக்ரட்டேரியட்’ படத்தைப் பார்த்தோம். 2010இல் டிஸ்னி எடுத்த படம். 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரிய குதிரைப் பந்தயங்களையும் வென்று ‘டிரிபிள் கிரவுண்’ எடுத்த குதிரையின் கதை. றேஸ் எண்டால் சூது, சூது எண்டால் குடி கெடும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஆக்கள்தான் நாங்கள். எண்டாலும் கடைசிப் பந்தயம் ஓடும்போது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

படம் முடிந்ததும் எங்களில் ஒருத்தன் சொன்னான்: “ஓட்டத்தில சிங்கம்தான் மச்சான். ஆனா பிள்ளையள் ஒண்டும் உருப்படேல்ல.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்.”

இந்த ‘எல்லாரும் சொல்லுகினம்’ எங்களுக்கு நல்லாய்ப் பழகின சொல். ஒரு ஆளைப் பற்றி, ஒரு குடும்பத்தைப் பற்றி முடிவு கட்ட எங்கட பக்கத்தில இதை விடப் பெரிய ஆதாரம் தேவைப்படுவதில்லை. சரி, இந்த முறையாவது ஒருக்கா கணக்கைப் பார்ப்போம் எண்டு இறங்கினோம். பார்த்த பிறகு எங்களுக்கு வந்த கருத்தை முதலே சொல்லி விடுகிறோம். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதி, கணக்கு எழுதின விதத்தில் வந்த பிழை.

ஓடின கணக்கு

ஓட்டத்தைப் பற்றி வாதாட அதிகம் இல்லை. செக்ரட்டேரியட் 1970 மார்ச் 30இல் வெர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்தது. ஓடின பந்தயங்கள் 21. வென்றவை 16. மூன்றில் இரண்டாம் இடம், ஒன்றில் மூன்றாம் இடம், ஒன்றில் நாலாம் இடம். தோல்வியே காணாத குதிரை எண்டு நினைக்கிற ஆக்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே நாலாவதாகத்தான் வந்தது. டிரிபிள் கிரவுண் எடுத்த அதே வருஷம் ஓகஸ்டில், விட்னி என்ற பந்தயத்தில் ‘ஒனியன்’ என்ற குதிரையிடம் தோற்றது. ஓமோம், வெங்காயம் எண்டு பேர் வைத்த குதிரைதான்.

ஆனால் வென்ற நாட்களில் நடந்தது வேறு கதை. கென்டக்கி டேர்பி, பிரீக்னஸ், பெல்மொண்ட் மூன்றிலும் அது வைத்த நேரங்களை இன்று வரைக்கும் ஒரு குதிரையும் முறியடிக்கவில்லை. பெல்மொண்டில் ஒன்றரை மைல் தூரத்தை 2 நிமிடம் 24 செக்கனில் ஓடி, இரண்டாவது குதிரையை 31 குதிரை நீளத்தால் பின்னுக்கு விட்டது. அண்டைக்கு அது வெல்லும் எண்டு 2 டொலர் கட்டின ஆளுக்குத் திரும்பக் கிடைத்தது 2 டொலர் 20 சதம். அந்த 20 சதமும் தேவையில்லை எண்டு 5,617 வென்ற ரிக்கெட்டுகளை ஆக்கள் காசாக்காமல் நினைவாக வைத்துக்கொண்டார்கள். புகழ் எண்டால் இதுதான். ஓட்டத்தில் பேரும் கணக்கும் ஒத்துப்போகின்றன. அதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

வைத்த விலை

சண்டை தொடங்குவது அதற்குப் பிறகு. தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் பெரிய காசு ஓட்டத்தில் இல்லை, இனவிருத்தியில் இருக்கிறது. ஓடி முடித்த ஆண் குதிரையைப் பண்ணையில் பொலிக்குதிரையாக விடுவார்கள். பெட்டைக் குதிரை வைத்திருக்கிறவர்கள் காசு கட்டிச் சினைப்படுத்திப் போவார்கள்.

செக்ரட்டேரியட்டை 1973 பெப்ரவரியில், அதாவது டிரிபிள் கிரவுணுக்கு முதலே, 32 பங்காகப் பிரித்து ஒரு பங்கு 190,000 டொலர் என்று விற்றார்கள். மொத்தம் 6.08 மில்லியன் டொலர். அந்தக் காலத்தில் அது உலக சாதனை. இவ்வளவு கொடுத்ததற்குக் காரணம் குதிரை மட்டும் இல்லை, தகப்பனும்தான். தகப்பன் போல்ட் ரூலர், அமெரிக்காவின் முன்னணிப் பொலிக்குதிரைப் பட்டியலில் எட்டுத் தடவை முதலிடம் பிடித்தது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமோ எண்ட கணக்கில் கொட்டின காசு.

பிரச்சினை உடனேயே வந்தது. பண்ணைக்கு வந்த குதிரையின் விந்தைச் சோதித்தபோது சில அணுக்கள் முதிராமல் இருந்தது தெரிந்தது. குட்டி பிறக்குமோ பிறக்காதோ எண்டு பயந்து, முதலில் அப்பலூசா என்ற புள்ளிக் குதிரை இனத்துப் பெட்டை ஒன்றோடு விட்டுப் பார்த்தார்கள். 1974இல் குட்டி பிறந்தது. ஆக, இந்த மகாராசாவின் மூத்த பிள்ளை பந்தய இனத்திலேயே சேராத ஒரு குதிரை.

பிறகு 1976இல் கென்டக்கியில் நடந்த ஏலத்தில் அதன் ஒரு வயது மகன், ‘கனேடியன் பவுண்ட்’, 1.5 மில்லியன் டொலருக்குப் போனது. ஒரு வயதுக் குட்டி ஒன்று ஏலத்தில் ஒரு மில்லியனைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அந்தக் குட்டி வளர்ந்து ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. ‘பிள்ளையள் உருப்படேல்ல’ எண்ட பேச்சுக்கு விதை போட்டது இதுதான் எண்டு நாங்கள் நினைக்கிறோம். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க மிகப் பெரிய விலைக்குப் போன மகன் விழுந்தான். அதற்குப் பிறகு ஓடி வென்ற தம்பி தங்கைகளை ஆர் பார்க்கப் போகினம்?

பிள்ளைகளின் கணக்கு

இனிச் சொந்தப் பிள்ளைகளைப் பார்ப்போம். 1989இல் சாகும்வரை செக்ரட்டேரியட்டுக்குப் பிறந்தவை கிட்டத்தட்ட 660. பொலிக்குதிரையை அளக்கப் பொதுவாகப் பயன்படுத்துவது, அதன் குட்டிகளில் எத்தனை ‘ஸ்டேக்ஸ்’ பந்தயம் வென்றன என்பது. ஸ்டேக்ஸ் எண்டால் மேல்தரப் பந்தயம், எல்லாக் குதிரையும் அந்தப் பக்கம் போக ஏலாது. இந்த இனத்தில் பொதுவாக நூறு குட்டி பிறந்தால் அதில் மூன்று அளவில்தான் அப்படி வெல்லும் என்று சொல்வார்கள். செக்ரட்டேரியட்டின் பிள்ளைகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவை வென்றிருக்கின்றன. நூற்றுக்கு எட்டுக்கு மேல்.

இது தோல்வியா? சாதாரணத்தை விட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அதே காலத்தில் நோர்தர்ன் டான்சர் என்ற பொலிக்குதிரையின் கணக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல். அதோடு வைத்துப் பார்த்தால் செக்ரட்டேரியட் சிறுத்துத்தான் போகும். முன்னணிப் பொலிக்குதிரைப் பட்டியலில் அது ஒரு தடவையும் முதலிடம் பிடிக்கவில்லை. எங்கட நண்பன் சொன்னதில் பாதி உண்மை இது. 6.08 மில்லியன் கொட்டினவர்கள் எதிர்பார்த்தது இன்னொரு போல்ட் ரூலரை. அது கிடைக்கவில்லை.

எண்டாலும் ‘ஒண்டும்’ உருப்படவில்லை எண்ட சொல்லை விட ஏலாது. 1988இல் ரைசன் ஸ்டார் பிரீக்னஸையும் பெல்மொண்டையும் வென்றது. ஜெனரல் அசெம்ப்ளி 1979இல் சரடோகா மைதானத்தில் ஒன்றே கால் மைலைச் சரியாக 2 நிமிடத்தில் ஓடியது. அந்த மைதானத்துச் சாதனையை முறியடிக்க 2016 வரைக்கும், 37 வருஷம், காத்திருக்க வேண்டி வந்தது. கிங்ஸ்டன் ரூல் 1990இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் கிண்ணத்தை 3 நிமிடம் 16.3 செக்கனில் வென்றது. அந்த நேரம் இன்றும் சாதனையாக நிற்கிறது. கடைசியாகப் பிறந்த குட்டிகளில் ஒன்றான டின்னர்ஸ் வே, 1994, 1995 இரண்டு வருஷமும் பசிபிக் கிளாசிக் பந்தயத்தை வென்றது.

பிள்ளைகளில் ஆகப் பெரிய ஓட்டக்காரி ஒரு பெட்டை. லேடீஸ் சீக்ரெட். சின்ன உடம்பு. 45 தடவை ஓடி 25 தடவை வென்றாள். 1986இல் அமெரிக்காவின் ‘அந்த வருஷத்துக் குதிரை’ என்ற விருது அவளுக்குத்தான். அந்த வருஷம் அவள் ஆண் குதிரைகளோடு ஓடி வென்ற பந்தயம் எது தெரியுமா? விட்னி. 1973இல் தகப்பன் வெங்காயத்திடம் தோற்ற அதே பந்தயம். இதைப் படம் எடுக்கிறவர்கள் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டார்கள்.

மகள் வயிற்றுப் பேரன்

இப்போது கணக்கின் உள்விவகாரத்துக்கு வருவோம். ஒரு பொலிக்குதிரையின் ‘வம்சம்’ எண்டு குதிரைக்காரர் சொல்வது மகன், மகனின் மகன், அவன் மகன் என்று ஆண்வழியாகப் போகிற கோட்டை. உலகத்தில் உள்ள எல்லாத் தரோபிரெட்டையும் ஆண்வழியில் பின்னுக்குப் போய்ப் பார்த்தால் மூன்றே மூன்று பழைய குதிரைகளில் போய் முடியும். எங்கட பேருக்கு முன்னால் தகப்பன் பேர் நிற்கிற மாதிரித்தான். அந்தக் கோட்டில் செக்ரட்டேரியட் தோற்றது மெய். மகன்கள் பொலிக்குதிரையாகப் பெரிதாக வரவில்லை. கோடு மெலிந்து போனது.

ஆனால் மூன்று மகள்களைப் பாருங்கள்.

டேர்லிங்குவா 1976இல் பிறந்தவள். இரண்டு வயதில் ஆண் குட்டிகளோடு ஓடியும் வென்றவள். அவளின் மகன் ஸ்டோர்ம் கட். 1999, 2000 இரண்டு வருஷமும் முன்னணிப் பொலிக்குதிரை. ஒரு தடவை சினைப்படுத்த 500,000 டொலர் வரைக்கும் கட்டணம் ஏறியது.

வீக்எண்ட் சர்ப்ரைஸ். அவளின் ஒரு மகன் சமர் ஸ்குவோல், 1990இல் பிரீக்னஸ் வென்றது. இன்னொரு மகன் ஏ.பி. இண்டி, 1992இல் பெல்மொண்ட் வென்று அந்த வருஷத்துக் குதிரையானது. பிறகு 2003, 2006இல் முன்னணிப் பொலிக்குதிரை. அதன் கொள்ளுப்பேரன் முறையில் வந்தது அல்ல, பேரனின் வழியிலேயே வந்தது டாபிட்: ஏ.பி. இண்டியின் மகன் புல்பிட், புல்பிட்டின் மகன் டாபிட். 2014 தொடக்கம் மூன்று வருஷம் தொடர்ந்து பட்டியலின் உச்சியில் நின்றது.

செக்ரட்டேம். அவளின் மகன் கோன் வெஸ்ட். 2004இல் டேர்பியையும் பிரீக்னஸையும் வென்ற ஸ்மார்ட்டி ஜோன்ஸ், கோன் வெஸ்டின் மகனுடைய மகன்.

2015இல் 37 வருஷத்துக்குப் பிறகு டிரிபிள் கிரவுண் எடுத்த அமெரிக்கன் ஃபேரோவும், 2018இல் எடுத்த ஜஸ்டிஃபையும் ஸ்டோர்ம் கட் வழியில் வருகின்றன. அதாவது டேர்லிங்குவா வழியில். அதாவது செக்ரட்டேரியட் வழியில்.

இதைப் பதிகிறதுக்கும் குதிரைக்காரரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. மகள்மாரின் பிள்ளைகள் உழைத்த காசைக் கூட்டி, அந்த மகள்மாரின் தகப்பனை வரிசைப்படுத்துகிற பட்டியல். எங்கட பாசையில் சொன்னால் அம்மப்பாக்களின் பட்டியல். 1992இல் அதில் முதலிடம் செக்ரட்டேரியட்டுக்கு. ஆனால் ஒருத்தரும் அதை அதே அளவு சத்தமாகச் சொல்வதில்லை. ஸ்டோர்ம் கட்டின் புகழ் போய்ச் சேருவது அதன் தகப்பன் ஸ்டோர்ம் பேர்டின் கோட்டில். ஏ.பி. இண்டியின் புகழ் சியாட்டில் சுலூவின் கோட்டில். மகள் வயிற்றுப் பேரன் எண்டு தமிழில் அழகாய் ஒரு சொல் இருக்கிறது. குதிரைக்காரரின் வம்சக் கோட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தரோபிரெட் உலகில் தகப்பன் ஒன்றாய் இருந்தால் மட்டும் சகோதரம் என்று சொல்ல மாட்டார்கள். தாய் ஒன்றாய் இருந்தால்தான் அரைச் சகோதரம். தாய் முக்கியம் எண்டு அவர்களுக்கு நல்லாய்த் தெரியும். தெரிந்துகொண்டும் வம்சம் எண்டு வரும்போது தகப்பன் கோட்டைத்தான் பிடிக்கிறார்கள்.

தீர்ப்பு எப்போது எழுதப்பட்டது?

எங்களுக்கு ஆகவும் உறைத்தது காலக்கணக்கு. செக்ரட்டேரியட் 1989 ஒக்டோபர் 4இல் செத்தது. குளம்புக்குள் வரும் லமினைட்டிஸ் என்ற நோவு, குணப்படுத்த வழியில்லாமல் கருணைக்கொலை செய்தார்கள். வயது 19. அண்டைக்கு ஏ.பி. இண்டி ஆறு மாதக் குட்டி. ஸ்டோர்ம் கட்டின் முதல் பிள்ளைகள் அந்த வருஷம்தான் பிறந்திருந்தன. மகன் உருப்படுவானோ எண்டு நாலு வயதில் தெரிந்துவிடும். மகள் ஓடி முடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை ஓடி, பிறகு அதுக்குப் பிள்ளை பிறந்து ஓடிக் காட்ட இருபது வருஷம் போகும். தோற்ற தகப்பன் எண்ட பேர் அந்த இருபது வருஷம் முடிய முதலே எழுதியாயிற்று. எழுதின பேரைத் திருத்தத்தான் ஒருத்தருக்கும் நேரமில்லை.

அளவுக்கு மிஞ்சின புகழும் வேண்டாம்

இதை வாசித்துவிட்டு மற்றப் பக்கம் ஓடவும் வேண்டாம். இப்போது இன்னொரு பேச்சு பரவுகிறது. 2025 கென்டக்கி டேர்பியில் ஓடின குதிரைகள் எல்லாமே செக்ரட்டேரியட்டின் சந்ததி என்பது. மெய்தான். ஆனால் ஐந்து தலைமுறைக்கு முந்திய ஒரு முன்னோரின் பங்கு சராசரியாக முப்பத்திரண்டில் ஒன்று. நோர்தர்ன் டான்சர் போன்ற வேறு பழைய பெயர்களும் அதே குதிரைகளின் வம்சப் பத்திரத்தில் அடிக்கடி வரும். இந்த இனம் ஒரு சின்ன ஊர் மாதிரி, தோண்டினால் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். எல்லாரும் அதன் பேரப்பிள்ளைகள், ஆகவே அதுதான் ஆகப் பெரிய தகப்பன் எண்டு முடிப்பது முதல் பேச்சைப் போலவே சோம்பல் பேச்சு.

இருதயக் கதையும் அப்படித்தான். செத்த பிறகு உடலைத் திறந்து பார்த்த மிருக வைத்தியர், இருதயம் கிட்டத்தட்ட 22 இறாத்தல் இருக்கும் என்று மதிப்பிட்டார். நிறுத்துப் பார்க்கவில்லை, கண்மதிப்புத்தான். சாதாரண குதிரையின் இருதயத்தை விட இரண்டு மடங்குக்கு மேல். அதிலிருந்து ஒரு கதை கிளம்பியது: பெரிய இருதயத்துக்கான பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, தகப்பன் எக்ஸைக் கொடுப்பது மகள்மாருக்கு மட்டும், அதனால்தான் மகள்மார் வழியில் மட்டும் திறமை போனது. கேட்க நல்லாய் இருக்கும். இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஓ.எல். விஞ்ஞானத்தை வைத்தே ஒரு கேள்வி கேட்கலாம்: அப்படியெண்டால் ஸ்டோர்ம் கட் தன் மகன்களுக்கு எதைக் கொடுத்தது? மகனுக்குத் தகப்பனின் எக்ஸ் போகாதே.

எங்களுக்குப் படுகிற காரணம் இன்னும் சாதாரணமானது. நூறு ஆண் குட்டி பிறந்தால் பொலிக்குதிரையாக வாய்ப்புக் கிடைப்பது ஒரு சிலதுக்கு. பெட்டைகளில் பெரும்பாலானவைக்குத் தாயாகிற வாய்ப்புக் கிடைக்கும். செக்ரட்டேரியட்டின் மகள்மாரைப் பணக்காரப் பண்ணைகள் ஆகச் சிறந்த பொலிக்குதிரைகளோடு சேர்த்தன. அதனால் பேரன்களின் வெற்றியில் அந்த மற்றத் தகப்பன்மாருக்கும், தாய்மாரின் தாய்மாருக்கும் பங்கு இருக்கிறது. ஓட்டத்தில் பேர் எடுத்த லேடீஸ் சீக்ரெட்டின் குட்டிகள் பெரிதாக வரவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. பேர் ஒரு இடத்தில் இருக்கும், விளைச்சல் இன்னொரு இடத்தில் வரும்.

எங்கட முடிவு

ஓட்டக்காரனாக அதன் புகழ் கணக்கோடு பொருந்துகிறது. தகப்பனாக, 6.08 மில்லியன் கொடுத்தவர்கள் கனவு கண்ட அளவுக்கு வரவில்லை. ஆனால் சாதாரணத்தை விட நல்ல தகப்பன். அம்மப்பாவாக, வரலாற்றின் முன்வரிசையில் வைக்கவேண்டிய ஒன்று. இந்த மூன்றில் நடுவில் உள்ளதை மட்டும் எடுத்து, அதையும் மகன்மாரை மட்டும் வைத்து அளந்து, ‘தோல்வி’ எண்டு பேர் வைத்தார்கள்.

குதிரைக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு எழுதுகிற முறை குதிரைப் பண்ணையோடு நிற்பதில்லை எண்டு எங்களுக்குத் தெரியும். ‘அவர் பெரிய மனுசன், பிள்ளையள்தான் சரியில்லை’ எண்டு கதைக்கிற இடங்களில் நாங்களும் இருந்திருக்கிறோம். அந்தப் ‘பிள்ளையள்’ எண்ட சொல்லுக்குள் மகள்மார் இருந்தார்களா எண்டு நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. படித்து, உழைத்து, தன் பிள்ளைகளை ஆளாக்கின மகள் வேறு வீட்டுக் கணக்கில் போய்விடுவாள்.

கட்டுரையை எழுதி முடித்து, முதல் கதையைத் தொடங்கின அந்த நண்பனிடம் வாசிக்கக் கொடுத்தோம். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: “அப்ப டேர்லிங்குவாவைப் பற்றி ஒரு படமும் இல்லையோ?”

தேடிப் பார்த்தோம். எங்கட கண்ணில் படவில்லை.